நூல் தெரியும் பேய்கள்

*கம்பளி போர்த்திய யானை, அடுப்பில் காலை நீட்டிய மோகினி, தணிக்கையாளரையே திடுக்கிட வைத்த ஆவி! கொங்கு நாட்டுக் கொட்டகைகளை ஒரு காலத்தில் அலற வைத்த மலிவுப் பேய்ப் படங்கள், இன்று கைப்பேசித் திரைகளில் மறுபிறவி எடுத்து எல்லோரையும் சிரிக்க வைக்கின்றன. அந்தச் சிரிப்பின் பின்னணியைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை.*

திரையில் காடு அதிர்கிறது. தொப்பியணிந்த அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவர் துப்பாக்கியும் கையுமாக நிற்க, இந்திய ராஜகுமாரியாக வேஷம் தரித்த அமெரிக்க நடிகை ஒருத்தி அச்சத்தால் விழி பிதுங்க, யானைக் கூட்டங்களையே வெருட்டி ஊருக்குள் ஓடச் செய்த அந்த மர்ம மிருகங்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூமியிலிருந்து மறைந்துவிட்டதாக விஞ்ஞானிகள் சத்தியம் செய்யும் மாமூத்துகள், கடைசியில் ஒருவழியாக நம் கண்முன் பிரசன்னமாகின்றன. பிரசன்னமானவுடன் நமக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. உற்றுப் பார்க்கிறோம். சந்தேகம் நிச்சயமாகிறது. அவை யானைகளேதாம், கோயில் வாசலில் வாழைப்பழம் வாங்கித் தின்னும் அதே சாதுவான ஜாதி, மேலே மட்டும் யாரோ ஒரு மகானுபாவர் நீண்ட ரோமம் தொங்கும் போர்வையைக் கட்டிவிட்டிருக்கிறார். நம் நாட்டு வெயிலில், பனியுகத்துக்கு உரிய கம்பளியைச் சுமந்துகொண்டு, அந்த ஜீவன்கள் தங்களால் இயன்ற அளவுக்குப் பயங்கரமாக நடந்து செல்கின்றன.

படத்தின் பெயர் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வெளியான ஆண்டு 1952. இதைத் தயாரித்தவர்களில் ஒரு சாரார், சிக்கனத்துக்குப் பெயர்போன ஹாலிவுட் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பெர்ட்டின் கம்பெனியார். மற்றொரு சாரார் வேறு யாருமல்லர். ஏற்காட்டு மலையடிவாரத்தில் அமைந்திருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார்தாம்.

சேலத்துக்கு வந்த ஹாலிவுட்

மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பியவர். 1930-களின் மத்தியில் அவர் தோற்றுவித்த ஸ்தாபனம், தறியில் சேலை நெய்வதைப் போலவே ஒழுங்காகவும் கணக்காகவும் படங்களை நெய்து தள்ளியது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அங்கேதான் பிறந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையதே. இத்தனை கௌரவங்களுக்கு நடுவே, கம்பளி யானைப் படத்தைப் பற்றி மட்டும் சினிமா சரித்திரக்காரர்கள் சற்றே கூச்சத்துடன் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அந்தக் கூச்சம் அநாவசியம்.

ஏனென்றால், அந்தப் படத்தில் பணி செய்தவர்களைப் பாருங்கள். இயக்கிய வில்லியம் பெர்க், 'ஜங்கிள் ஜிம்' (1948) போன்ற காட்டுக் கதைகளைக் குறைந்த நாள்களில், குறைந்த செலவில் எடுத்து முடிப்பதில் கைதேர்ந்தவர். ஒளிப்பதிவு செய்த கிளைட் டி வின்னாவோ, ஆஸ்கார் விருது வரலாற்றின் தொடக்க ஆண்டுகளிலேயே பரிசு பெற்றவர். ராட் கேமரன் வேட்டைக்காரர். மேரி வின்ட்சர் ராஜகுமாரி. பிற்காலத்தில் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராகப் புகழ்பெற்ற சீசர் ரொமேரோ, ராமா சிங் என்ற பெயரில் தலைப்பாகையுடன் வருகிறார். நம்மவர்களில் எம்.என்.நம்பியாரும் உண்டு. இசையில் ஜி.ராமநாதனின் கைவரிசையும் இருக்கிறது. இவர்களில் ஒருவர்கூடக் கேலிப்படம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் புகவில்லை. யானைக்கு ரோமப் போர்வை தைத்த தையற்காரர் உட்பட அத்தனை பேரும் பார்ப்பவர்களை நடுங்க வைத்துவிட வேண்டும் என்ற மெய்யான விருப்பத்துடன்தான் உழைத்திருக்கிறார்கள். அந்த விருப்பத்துக்கும் கையிலிருந்த பணத்துக்கும் நடுவே உண்டான இடைவெளியில்தான், இன்றைக்கு நம்மைக் கட்டிப் போடும் அந்த விநோதமான அழகு முளைத்திருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: கடல் கடந்த பங்காளிகள்

கம்பளி யானைக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. 1953-இல் வெளிவந்த 'ரோபாட் மான்ஸ்டர்' என்ற அமெரிக்கப் படத்தில், வேற்றுக்கிரகப் பூதத்துக்கு உடை தைக்கப் பணமில்லாமல், கொரில்லா வேஷத்தின் தலையில் ஓர் உலோகக் கவசத்தைக் கவிழ்த்து அனுப்பிவிட்டார்கள்.

டிராகுலா வேஷத்தில் உலகப் புகழ்பெற்ற பெலா லுகோசி 1956-இல் காலமானார். அவரை வைத்துச் சொற்ப அடிகளே எடுத்திருந்த இயக்குநர் எட் வுட், வேறொரு ஆளைப் பிடித்து முகத்தைப் போர்வையால் மறைத்துக்கொள்ளச் சொல்லி 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை முடித்தார். உலகத்திலேயே மிக மோசமான படம் என்று அதற்குப் பட்டம் சூட்டினார்கள். அந்தப் பட்டத்தின் புண்ணியத்திலேயே அது அமரத்துவம் பெற்றுவிட்டது.

ரோஜர் கார்மன் 1960-இல் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் பெரும்பகுதியை, முன்பே போட்டிருந்த செட்டில், இரண்டே நாள்களில் சுருட்டினார்.

பம்பாயில் ராம்சே சகோதரர்களின் தகப்பனார் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' (1970) தோற்றது. ஆனால் பிருத்விராஜ் கபூர் முகமூடி அணிந்து திருட வரும் ஒரே ஒரு காட்சியில் ஜனங்கள் அலறியதைக் கொட்டகையில் கண்ட பிள்ளைகள், அந்த அலறலையே குடும்பத் தொழிலாக வரித்துக்கொண்டார்கள்.

---

மின்சாரம் கொண்டுவந்த ஆவி

பேயென்றால் இருட்டு, மின்விளக்கு வந்ததும் பேய் போயிற்று என்று பகுத்தறிவாளர்கள் சொல்வதுண்டு. கோயம்புத்தூரைப் பொறுத்தமட்டில் நடந்தது நேர் தலைகீழ்.

ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-இல் படக்கருவியை வாங்கிக் கூடாரத்துடன் ஊர் ஊராகச் சுற்றினார். 1914-இல் சொந்த ஊரான கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தது, பஞ்சாலைகள் பெருகின, ஆலைப் பணத்தில் ஒரு பகுதி சினிமாவுக்குத் திரும்பி, திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டுடியோவாயிற்று. புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ 1940-களில் எழுந்தது. ஆக, கொங்கு நாட்டுக்குத் திரைப்பேயைக் கொண்டுவந்து சேர்த்தது இருட்டல்ல, பைக்காரா மின்சாரம்தான்.

சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரித்த 'ராஜகுமாரி' (1947) எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் என்பது பலருக்குத் தெரியும். அதே கூட்டத்தார் 1951-இல் அளித்த 'மர்மயோகி'யின் விசேஷம்தான் நம் கட்டுரைக்கு முக்கியம்.

ஊர்வசி என்ற பேராசைக்காரி (அஞ்சலிதேவி) தன்மீது மோகம் கொண்ட அரசனைப் படகிலிருந்து நீரில் தள்ளி, நாட்டைக் கைப்பற்றிக்கொள்கிறாள். செத்துப்போனதாக நம்பப்பட்ட அரசன் (செருகளத்தூர் சாமா) சாகாமல் மீண்டு, பகலில் யோகியாக அவளுடைய அரண்மனையிலேயே உலவுகிறான். சமயம் பார்த்து ஆவியாகத் தோன்றி அவளுடைய தூக்கத்தைக் கெடுக்கிறான். ஒளிப்பதிவுக் கலையில் ஊறித் திளைத்த கே.ராம்னாத் இயக்கிய படமாகையால், அந்த ஆவி வரும் இடங்களில் நிழலும் வெளிச்சமும் பேசிக்கொள்ளும். விளைவு என்னவென்றால், தணிக்கைக் குழுவினர் பயந்துவிட்டார்கள்! பேய்க் காட்சிகளை முன்னிட்டு வயது வந்தோர் மட்டுமே பார்க்கத்தக்க படம் என்று 'ஏ' சான்று வழங்கினார்கள். தமிழ்ப்படம் ஒன்றுக்கு அத்தகைய சான்று கிடைத்தது அதுவே முதல் தடவை.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கதைப்படி அங்கே பேயே கிடையாது. உயிரோடிருக்கும் ஒரு கிழ ராஜா பேய் வேஷம் போடுகிறார், அவ்வளவுதான். வேஷம் என்று கதையே வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகும் அந்த வேஷத்துக்குப் பயந்து முத்திரை குத்திய அதிகாரிகளின் செய்கையை இன்றைக்கு நினைத்தால் நகைப்பு வரலாம். ஆனால் ஜுபிடர் கம்பெனியாருக்கு அதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் வேறெங்கிருந்து கிடைத்திருக்கும்? அட்டை மதில், துணித் தூண், நாலு விளக்கு, ஒரு புகைக் குண்டான் ஆகியவற்றைக் கொண்டு சர்க்கார் உத்தியோகஸ்தர்களையே உலுக்கிவிட்டார்கள் என்றல்லவா பொருள்!

---

பெட்டிச் செய்தி: பேயைப் படம்பிடிக்கும் முறை

கணிப்பொறி இல்லாத நாளில் ஆவியை வரவழைக்கச் சில எளிய உபாயங்களே போதுமானவையாக இருந்தன. மறைய வேண்டுமா? கேமராவை நிறுத்து, நடிகரை நகரச் சொல், மற்றவர்கள் அசையாமல் நிற்க, மீண்டும் ஓட்டு. ஆள் மாயம். ஊடுருவித் தெரிய வேண்டுமா? அறையை ஒரு முறை படம்பிடித்துவிட்டு, அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பு வெல்வெட்டுத் திரைக்கு முன்னால் வெள்ளைச் சேலை நடிகையை நிறுத்தி இன்னொரு முறை படம்பிடி. கறுப்பு பிலிமில் பதியாது. சேலை மட்டும் பதியும். அதன் வழியே பின்னாலுள்ள கதவு தெரியும். பறக்கும் பானைக்குக் கறுப்பு நூல். தரையிலிருந்து தானே எழும் வாளுக்கு, வாளைக் கீழே போட்டுப் படம்பிடித்துத் தலைகீழாக ஓட்டும் பின்னோட்டம்.

இரட்டைப் பதிவில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாம் முறை எடுக்கும்போது கேமரா ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும், பேய் தரைக்கு அரை அடி மேலேயோ சுவருக்குள் பாதியோ நிற்கும். பணமுள்ள கம்பெனி மறுபடி எடுக்கும். பணமில்லாத கம்பெனி, பேய் அப்படித்தான் நிற்கும் என்று விட்டுவிடும்.

---

அடுப்பில் காலை வைத்தவள்

மலிவுப் பேய்க்கு ஒரு சக்கரவர்த்தி உண்டு என்றால் அவர் பி.விட்டலாச்சார்யாதான். கர்நாடகத்தில் உடுப்பிப் பக்கம் பிறந்து, சென்னையில் குடியேறி, பெரும்பாலும் தெலுங்கில் படமெடுத்து, தமிழ் பேசும் பட்டிதொட்டிகளிலெல்லாம் வீடுதோறும் தெரிந்த பெயராகிவிட்டவர். கோபிச்செட்டிப்பாளையத்திலும் தாராபுரத்திலும் நம்பமுடியாத காரியம் எதையாவது யாராவது சொன்னால், 'இதென்னுங்க, விட்டலாச்சார்யா படமாட்ட இருக்குது?' என்று கேட்கும் பழக்கம் அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியவில்லை. சொந்தப் பெயர் இப்படி ஒரு வழக்காகிவிடும் பாக்கியம் தமிழ் சினிமாவின் மகா மேதைகள் பலருக்கும் கிட்டவில்லை.

அவருடைய சிக்கனத்தைப் பற்றிப் படவுலகில் ஒரு கதை வழங்குகிறது. நடிகர் யாராவது படப்பிடிப்புக்கு வராமல் இழுத்தடித்தாலோ கூடுதலாகப் பணம் கேட்டாலோ, ஆச்சார்யார் சண்டை போடமாட்டாராம். கதையில் ஒரு முனிவரை நுழைத்து, அந்தப் பாத்திரத்தைச் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை அந்தப் பிராணியை வைத்தே முடித்துவிடுவாராம். மெய்யோ பொய்யோ, அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது மெய்யாகவே இருக்க வேண்டும் என்று தோன்றும்.

1978-இல் அவர் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழுக்கும் மொழிமாற்றம் பெற்று வந்தது. நரசிம்மராஜு, ஜெயமாலினி, பிரபா நடித்த அந்தப் படத்தின் கதையை இன்று கோவையாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாதவர்கள் இல்லை. மனைவி உருவில் வீட்டுக்குள் புகுந்த மோகினி சமைக்க உட்காருகிறாள். விறகில்லை. சற்றும் தயங்காமல் தன் காலையே அடுப்புக்குள் நீட்டுகிறாள். கால் எரிகிறது, உலை கொதிக்கிறது, அவள் முகத்தில் சோறு வேகவேண்டுமே என்ற கவலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

உலக சினிமாவின் பேய்கள் இரத்தம் குடித்திருக்கின்றன, கழுத்தைத் திருகியிருக்கின்றன, படுக்கையைத் தூக்கி எறிந்திருக்கின்றன. மாமியார் வீட்டில் விறகுச் செலவை மிச்சம் பிடித்த பேய் வேறெங்கேனும் உண்டா என்பது எனக்குச் சந்தேகம். குடும்பப் பெண்ணின் அன்றாட வேலையையும் பிரேத லோகத்தின் பயங்கரத்தையும் ஒரே அடுப்பில் ஏற்றிய அந்தக் கற்பனையில், பயமும் சிரிப்பும் எது முன், எது பின் என்று பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கின்றன.

இது விட்டலாச்சார்யாவின் நூதன சிருஷ்டி என்று எண்ணுவதற்கில்லை. தமிழ்ப் பேய்க்கு அடுப்பங்கரை பழக்கமான இடம். 'கலிங்கத்துப் பரணி'யைப் புரட்டிப் பாருங்கள். ஜெயங்கொண்டாரின் பேய்கள் பசியால் மெலிந்து, காளியிடம் முறையிட்டு, போர் முடிந்த களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன; குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பந்தியில் பரிமாறுகின்றன. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ராஜசபையில் அரங்கேறிய அந்தக் காவியத்தைக் கேட்டவர்கள் நடுங்கியுமிருப்பார்கள், விழுந்து விழுந்து சிரித்துமிருப்பார்கள். தமிழனின் பேய் என்றைக்குமே சிரிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. நடுவில் சில காலம் ஆங்கிலப் படங்களைப் பார்த்துப் பேயென்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். மலிவுப் படக்காரர்களோ, வறுமையின் காரணமாகவே, தாங்கள் அறியாமலே பழைய பாட்டையில் போய்ச் சேர்ந்தார்கள்.

எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இன்றைய கல்லூரி மாணவர்கள் இப்படங்களின் துண்டுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரிப்பதைக் கண்டு, பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்தக் காலத்துக் கலைஞர்களின் பிரயாசையை இப்படிப் பரிகாசம் செய்யலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் சிரிப்பெல்லாம் ஒரே சிரிப்பல்ல.

அமெரிக்க விமர்சகி சூசன் சான்டாக் 1964-இல் 'கேம்ப்' என்ற ரசனையைப் பற்றி எழுதிய குறிப்புகள் மேனாட்டில் பிரசித்தம். மிகுந்த தீவிரத்துடன் ஒன்றைச் செய்யப் போய், அது அளவு மீறிச் சரிந்துவிடும்போது உண்டாகும் ரசத்தையே அவர் உயர்ந்த வகையாகக் கருதினார். வேண்டுமென்றே கோணலாகச் செய்வது அவருக்கு இரண்டாம் பட்சம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலேயே இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் ஆசிரியர்: தெய்வமும் பேயும் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. நகை பிறக்கும் இடங்களும் நான்கே: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

கம்பளி யானையைக் கண்டு நாம் சிரிக்கும்போது, அது எள்ளலில் பிறந்த நகை என்று எனக்குத் தோன்றவில்லை. எள்ளுகிறவன் தன்னை உயரத்தில் வைத்துக்கொள்கிறான். நாம் அப்படி வைத்துக்கொள்வதில்லை. ஒரு கலையின் இளமையைக் கண்டு, அதன் களங்கமில்லாத பேதைமையைக் கண்டு பிறக்கும் நகை இது. போர்வை நழுவப் போகிறதே என்று யானைக்காக நமக்கே ஒரு கணம் பதைக்கிறது. பானையைத் தூக்கும் நூல் கண்ணில் பட்டவுடன், அந்த நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பரணில் குப்புறப் படுத்திருந்த ஆளும் கண்ணில் பட்டுவிடுகிறார். அவர் கை நடுங்குகிறது, பானையும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு அவரை எள்ள மனம் வருமா?

கொங்கு நாட்டு ரசிகனுக்கு இந்த இரட்டை மனநிலை இயல்பானது. ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்கும் அதே பக்தி, உடுக்கைச் சத்தத்தில் அண்ணன்மார் கதை கேட்டுக் கண்கலங்கும் அதே உள்ளம், டூரிங் கொட்டகையில் எலும்புக்கூடு ஆடும்போது விசிலடித்துக் கைகொட்டவும் செய்தது. நிஜமான தெய்வம் எது, திரைமீது ஆடும் அட்டைப்பேய் எது என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கொட்டகையின் அமைப்பும் இதற்கு உடந்தையாயிருந்தது. மணலைக் குவித்துச் சாய்ந்துகொள்ளும் தரை டிக்கெட். ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்ற வேண்டியிருப்பதால் ஒரே காட்சிக்குள் மூன்று நான்கு இடைவேளை. மோகினி கழுத்தைக் கடிக்கக் குனியும் தருணத்தில் ரீல் தீர்ந்துபோய் விளக்கு எரிந்து, முறுக்குத் தட்டுடன் பையன் உள்ளே வந்துவிடுவான். அந்த அவகாசத்தில், 'ஏனுங்க, அவ கடிச்சுப்போடுவாளா, புருசன் வந்துருவானா?' என்று பக்கத்துப் பாயில் விசாரணை நடக்கும். பயம் சேர்ந்து சேர்ந்து உறையாதபடி அதைக் கூட்டமாக மென்று செரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். இரவு பதினொரு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் தனியாகப் பேய்ப்படம் பார்க்கும் இன்றைய வாலிபனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சூலூர்க்காரரின் மொட்டைத் தலை

1980-களில் கொங்கு நாட்டுக் கைகள் வேறொரு வகை அச்சத்தைச் சமைத்தன. சூலூரைச் சேர்ந்த மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' (1984), இத்தாலியின் லூச்சியோ ஃபுல்சி 1977-இல் எடுத்த கொலைப்படம் ஒன்றின் தழுவல். ரோமாபுரியில் பட்டுத் திரையும் பளிங்குப் படியுமாக இருந்த கதைக்கு, இங்கே கோவைக்காரரான சத்யராஜின் மழித்த தலையும் சின்னக் கண்ணாடியுமே மூலதனம். தொல்காப்பியர் சொன்ன நான்கில் இது கள்வர் வகை. பேயில்லை, பூதமில்லை, ஆனால் அந்த மொட்டைத் தலை சுவரோரம் எட்டிப் பார்த்த நாள்களில், கொல்லைக் கதவைத் தாழிட இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். செலவு குறைவு என்பதே அப்படத்தின் பலமாயிற்று. அலங்காரம் இல்லாத வீடு பார்ப்பவனின் சொந்த வீட்டைப் போலவே இருந்துவிட்டது.

அதே பத்தாண்டில் 'மை டியர் லிசா' (1987), 'நாளைய மனிதன்' (1989), அடுத்து '13-ஆம் நம்பர் வீடு' (1990) என்று வரிசையாக வந்தன. இவற்றில் 'நாளைய மனிதன்' தனியே குறிப்பிடத்தக்கது: மருந்தால் உயிர்பெற்ற பிணமாக அஜய் ரத்னம் நடக்கும் நடையில், ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம் சென்னைத் தமிழ் பேசும் பேட்டைக்கு வழிதவறி வந்துவிட்ட தோரணை இருக்கும்.

கணிப்பொறி குடிபுகுந்த அரண்மனை

இந்த மரபுக்கு இன்றைய வாரிசு யார்? ஈரோட்டுக்காரரான சுந்தர்.சி. 2014-இல் தொடங்கிய 'அரண்மனை' வரிசை 2024-இல் நான்காம் பாகத்தை எட்டிவிட்டது. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) போட்ட பாதையில், பேயும் ஹாஸ்யமும் கலந்த படம் தமிழில் ஒரு நிச்சயமான வியாபாரமாகவே ஆகிவிட்டது. சந்தானம் நடித்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' (2025), சினிமா விமர்சகனையே பேய்ப்படத்துக்குள் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்க்கிறது. விமர்சகர்களில் சிலருக்கு அது தகும்.

இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குடும்பத்தோடு சிரித்துவிட்டு வர ஏற்ற படங்கள்தாம். ஆயினும் ஒரு வேற்றுமை தெளிவாகத் தெரிகிறது. இங்கே சிரிப்புக்கு என்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். பேய் வந்ததும் அவர் அலறி ஓடுவார். நாம் சிரிக்க வேண்டிய இடம் அது என்று இசையும் அறிவிக்கும். பழைய படத்தில் சிரிப்புக்கு என்று ஏற்பாடு எதுவும் கிடையாது, நாமே கண்டெடுத்துக்கொண்டோம். ஏற்பாட்டுச் சிரிப்பு கொட்டகை வாசலோடு தீர்ந்துவிடுகிறது.

மலிவான கணிப்பொறிச் சித்திரமும் மலிவுதானே, அதையும் நாற்பது வருஷம் கழித்து ஜனங்கள் கொண்டாடமாட்டார்களா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வி. விடை, 2009-இல் நமீதாவை வைத்து மறுபடியும் எடுத்த 'ஜகன்மோகினி'யில் ஓரளவு கிடைக்கிறது. கதை அதே மரபு, தலைப்பும் அதுவே, வித்தைக்குக் கணிப்பொறியும் உண்டு. எனினும் அடுப்புக்குள் போன காலைப் பற்றிப் பேசும் எவரும் அந்தப் புதுப்படத்தை நினைத்துப் பேசுவதில்லை. நிஜ அடுப்புக்கு முன்னால் நிஜமான நடிகை உட்கார்ந்து, பொய்க்கால் ஒன்றை வெகு சிரத்தையாக உள்ளே தள்ளினாள் என்பதில் ஏதோ இருக்கிறது. அங்கே புகை உண்டு, சூடு உண்டு, சேலையில் தீப்பொறி பட்டுவிடுமே என்ற கவலை உண்டு. கணிப்பொறியின் தீயில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மிஞ்சியவை எங்கே?

சிரிப்பதற்கும் படம் மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படச்சுருளே நம்மிடம் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். சரியாகப் பேணாவிட்டால் தானாகவே சிதைந்து பொடியாகும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தோன்றியது. அதன் பிறகும், காப்பாற்றத் தகுந்தவை என்ற பட்டியலில் பக்திப் படத்துக்கும் பரிசுப் படத்துக்கும் கிடைத்த இடம், எலும்புக்கூடு ஆடிய படத்துக்கு எங்கே கிடைக்கும்? மதிப்பில்லாதது என்று ஒரு தலைமுறை தள்ளியதை அடுத்த தலைமுறை தேடும்போது, அது வெங்காய மண்டிக்கு மேல்மாடியிலோ, மூடிய கொட்டகையின் ஆபரேட்டர் அறையிலோ, தகர டப்பாவுக்குள் ஒட்டிக் கட்டியாகிக் கிடக்கிறது.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நிற்கிறது. உள்ளேயிருந்த தளங்கள் போய்விட்டன. கோவையின் ஸ்டுடியோக்கள் மங்கி, தொழில் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்து நெடுங்காலமாகிறது. சினிமா பிறந்த வீடு என்று பெருமை பேசும் நகரத்தில், தமிழில் முதல் 'ஏ' சான்று பெற்ற படம் தயாரான ஊர் இதுதான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு நல்ல நகல் தேடிப் பிடித்து, 'மர்மயோகி'யை ஆண்டுக்கு ஒரு தடவையாவது பெரிய திரையில், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் காட்டுவதற்கு ஆகும் செலவு, நம்மூர்க் கல்யாணங்களில் ஒரு வேளைப் பந்திச் செலவுகூட ஆகாது.

அதுவரையில் வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. தனியாகப் பார்க்க வேண்டாம். வீட்டிலுள்ள ஆத்தாவையும் அப்பிச்சியையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எந்த ஊர்க் கொட்டகையில் யார் எழுந்து ஓடினார்கள் என்ற உபகதை படத்தைவிட ருசியாக இருக்கும். 'மர்மயோகி'யை விளக்கணைத்துவிட்டுப் பாருங்கள். கம்பளி யானைகளை விளக்குப் போட்டுக்கொண்டே பார்க்கலாம். 'ஜகன்மோகினி'யை மட்டும் இராச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகே தொடங்குங்கள். இல்லையேல் அன்றைக்கு அடுப்பண்டை போக வீட்டில் ஒருவரும் முன்வர மாட்டார்கள், எல்லோருமாகச் சேர்ந்து காந்திபுரத்துக்குப் பரோட்டா தின்னத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.